பிரிக்காத சீட்டு

“உனக்கு அறிவு இருக்கு கிளாடிஸ். ஞானந்தான் இல்ல.” அறிவு இருக்கிறதாம், ஞானம்தான் இல்லையாம். இதைச் சொன்னவர் யார் என்றால், சட்டையின் முதல் பொத்தானை இரண்டாவது துளையில் மாட்டிக்கொண்டு, ஏன் ஒரு பக்கம் ஏறி நிற்கிறது என்று பீரோ கண்ணாடி முன்னால் நின்று யோசித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர். பெயர் தேவவரம். சபைக் கமிட்டிச் செயலாளர். இருபத்தாறு வருஷமாகத் தன் செருப்பு எங்கே கிடக்கிறது என்று என்னைக் கேட்கிறவர். அவர் சொன்னதுகூடப் பெரிதில்லை, அதை மெதுவாகச் சொன்னார், டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு வீட்டு ஆட்களிடம் சொல்கிற மாதிரி, அதுதான் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்கிறது. அதுவும் ரூபாவதி மைனி முன்னால். அவருடைய அக்கா. மத்தியானச் சாப்பாட்டுக்கே வந்துவிட்டாள், மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கையில் விசிறியும் வைத்து விசிறிக்கொள்கிற ஜென்மம். “விடு தம்பி, கான்வென்ட்ல படிச்சவ, அப்படித்தான் பேசுவா” என்றாள். நான் கான்வென்ட்டில் படித்ததைச் சின்ன வயசில் வந்துபோன அம்மைநோய் மாதிரி சொல்வாள் மைனி, தழும்பு மட்டும் மிச்சம் என்கிற பாவனையில். அப்படி என்ன பேசிவிட்டேன்? பெற்ற பிள்ளைக்குக் கல்யாணம் முடிக்கிறதைச் சீட்டுப் போட்டா பார்க்கிறது, மளிகைச் சாமான் லிஸ்டுகூட நான் நாலு தடவை யோசித்துத்தான் எழுதுகிறேன் என்றேன். அவ்வளவுதான். அதற்கு ஞானம் இல்லை. சரி, ஞானம் உள்ளவர்கள் எல்லாரும் முன்னறையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஞானம் இல்லாதவள் இங்கே அடுப்படியில் பத்தொன்பது பேருக்கு டீ போட்டுக்கொண்டிருக்கிறேன். பத்தொன்பதில் மூன்று பேருக்குச் சீனி இல்லாமல், ஒருத்தருக்குப் பால் இல்லாமல், மைனிக்கு மட்டும் ஆற்றாமல். அதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அது அறிவுக் கணக்கில் சேர்த்தி போலிருக்கிறது.

பால் இன்னும் பொங்கவில்லை. பெரிய குண்டான், சூடேற நேரம் எடுக்கும். நின்று பார்த்துக்கொண்டே இருந்தால் பொங்காது, திரும்பினால் பொங்கும், எனக்கென்று எல்லாமே அப்படித்தான். முன்னறை டீப்பாயில் மாமனாருடைய பெரிய வேதாகமம் இருக்கிறது, கறுப்பு அட்டை, ஓரம் சிவப்பு. அதற்குள்ளே இரண்டு சீட்டு இருக்கிறது. இவர்கள் வழக்கம் அது. மூன்று நாள் ஜெபம் பண்ண வேண்டியது, ஒரு சீட்டில் ‘சம்மதம்’, ஒரு சீட்டில் ‘வேண்டாம்’ என்று எழுதி, ஒரே மாதிரி மடித்து, வேதாகமத்துக்குள் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டியது. வந்தது தேவசித்தம். இன்னொன்றைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அவிசுவாசம். பிரிக்காமலே கிழித்துப் போட்டுவிட வேண்டும். சீட்டை யார் எழுதுவது என்று வந்தபோது எல்லார் முகமும் என் பக்கம் திரும்பிற்று, கையெழுத்து நன்றாக இருக்கிறதாம். நாலுகோட்டு நோட்டில் நிப் பேனா வைத்து எழுதிப் பழகிய கை, கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னதெத் பக்கத்தில் ஸ்கேலோடு நின்று பழக்கிய கை. சபையில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் வாழ்த்து அட்டையை என்னிடம்தான் நீட்டுவார்கள். ஞானம் இல்லாதவளிடம் ஏன் நீட்டுகிறார்கள் என்று தெரியவில்லை. நாலு மணிக்கு, நாள்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கம் வெள்ளையாக இருக்குமே, அதில் எழுதி, நாலாக மடித்து, நானே கொண்டுபோய் வேதாகமத்துக்குள் வைத்தேன். அவர் தலையைக் குனிந்து வேதாகமத்தை வாங்கிக்கொண்டார், கோயிலில் ராப்போஜன அப்பம் வாங்குகிற மாதிரி. பாவம். இரண்டிலும் ‘வேண்டாம்’ என்றுதான் எழுதியிருக்கிறேன். பாவம் என்று நினைக்கவே கூடாது, இவர்களை நினைத்துப் பாவப்பட்டுத்தான் நான் இப்படி ஆனேன். எந்தச் சீட்டை எடுத்தாலும் என் பிள்ளை தப்பித்தாள். அடுப்பைக் கொஞ்சம் கூட்டி வைக்கலாம்.

அங்கே ஞானசிகாமணி அண்ணாச்சி ஆரம்பித்துவிட்டார். இன்றைய தியானம் தேவ ஞானமாம். வேறு எந்த வியாழக்கிழமையும் கிடைக்கவில்லை. தபாலாபீசிலிருந்து ஓய்வுபெற்ற மனுஷர், முப்பது வருஷம் அடுத்தவர் கடிதங்களுக்கு முத்திரை குத்தின பழக்கம், வசனத்தையும் குத்திக் குத்தித்தான் சொல்வார். உலக ஞானம் கீழேயிருந்து முளைப்பது, தேவ ஞானம் மேலேயிருந்து இறங்குவது. அது அழுக்கில்லாதது என்று ஒரு விரலை மடக்குகிறார், இங்கிருந்தே தெரிகிறது எனக்கு. சண்டைக்குப் போகாதது. சாந்தமானது. நாலாவதில் எப்போதும் நின்றுவிடுவார். போன வருஷமும் நாலாவதில்தான் நின்றார். இதோ, ஆமென் ஆமென் என்று யாரோ இடைவெளியை அடைக்கிறார்கள், அது மைனி குரல். நான் வேண்டுமானால் இங்கிருந்தே சொல்லட்டுமா அண்ணாச்சி, நாலாவது, சொன்னால் கேட்டுக்கொள்வது. அந்த ஒன்று மட்டும் உங்களுக்கு ஞாபகம் வராது, ஏனென்றால் அதை நீங்கள் யாரும் செய்ய வேண்டியதில்லை, அது அடுப்படிக்காரிகளுக்கு என்று ஒதுக்கி வைத்திருப்பது. சொன்னால் கேட்டுக்கொள்வது. சொன்னால் கேட்டு, கேட்டுக் கேட்டு, கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, பத்தொன்பது டம்ளர் கழுவிக் கவிழ்த்து. இவர்களுக்கு ஞானம் என்றால் என்ன? யோசிக்கிற சிரமத்தைக் கர்த்தர் தலையில் கட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வது. வீட்டுக்குக் கிணறு தோண்ட இடம் தெரியவில்லையா, சீட்டு. பையனை எந்தக் காலேஜில் சேர்ப்பது, சீட்டு. எலிசா அக்காவுக்கு முட்டு ஆபரேஷன் செய்யலாமா வேண்டாமா என்று டாக்டரைக் கேட்காமல் சீட்டுப் போட்டார்கள், ‘வேண்டாம்’ வந்தது, இன்றைக்கு அவளை இரண்டு பேர் பிடித்துத்தான் பாயில் உட்கார வைத்திருக்கிறார்கள், அவளும் தேவசித்தம் என்று சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கர்த்தர் தலையைக் கொடுத்திருக்கிறாரே, அதற்குள்ளேயும் ஒன்றை வைத்துத்தானே கொடுத்திருக்கிறார், அதை வட்டியோடு திருப்பிக் கேட்கமாட்டாரா என்று ஒருநாள் எங்கள் சபைப் போதகர் ஐயரிடமே கேட்டேன். ஐயர் சிரித்துக்கொண்டே மணி பார்த்தார். சிஸ்டர் பெர்னதெத் மட்டும் இருந்திருந்தால் இந்தக் கூட்டத்தையே பெஞ்சுமேல் ஏற்றியிருப்பாள். எங்களைப்போலப் புராட்டஸ்டண்ட் பிள்ளைகளை, கத்தோலிக்கப் பிள்ளைகளின் ஞானோபதேச வகுப்பு நேரத்தில் தனியாக உட்கார வைத்து நன்னெறி நடத்துவாள். நான்தான் எப்போதும் முதலில் கை தூக்குவேன். கேள்வி முடிவதற்குள் தூக்குவேன். “கிளாடிஸ், கேள்விய முழுசாக் கேளு. உன் பதில் ஓடிப்போகாது” என்பாள். ஆனாலும் பரிசு எனக்குத்தான். கேட்டது தப்பாக இருந்தாலும் என் பதில் சரியாக இருக்கும்.

ஏலக்காயை நசுக்கவில்லை. எங்கே வைத்தேன். டப்பா இருக்கிறது, உள்ளே கிராம்பு இருக்கிறது, யார் மாற்றி வைத்தது. எமீமாவாக இருக்கும், என் மகள், மூன்று நாளாகப் பிள்ளை ஒரு நிதானத்தில் இல்லை. சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்து போகிறாள், காலையில் வெறும் காப்பி. இந்தச் சம்பந்தத்தை நினைத்து நினைத்து உள்ளே உருகுகிறது. நான் இருக்கிறேன் மக்கா, உன் அப்பாவும் அத்தையும் என்ன ஆட்டம் ஆடினாலும். எனக்கு யாரும் இருக்கவில்லை. எனக்கும் சீட்டுத்தான் போட்டார்கள். எனக்குப் போட்டது என் அப்பா, ஒரு பொய் சொல்லாத மனுஷர், சர்க்கார் பள்ளிக்கூட வாத்தியார், வகுப்பில் சாக்பீஸ் துண்டு சட்டைப்பையில் வந்துவிட்டால் திருப்பி நடந்துபோய் வைத்துவிட்டு வருவார். அப்போது எனக்கு இருபத்திரண்டு. கான்வென்ட்டிலேயே நான்காம் வகுப்புக்கு டீச்சராக என்னை எடுத்துக்கொள்வதாக சிஸ்டர் சொல்லியிருந்தாள், ஜூன் மாதம் வந்து சேர், வெள்ளைச் சேலை இரண்டு எடுத்து வை என்று சொல்லியிருந்தாள், எடுத்தும் வைத்திருந்தேன். அப்பா வேதாகமத்தை நீட்டினார், நான்தான் எடுத்தேன், என் கையால். ‘சம்மதம்’. அப்பாவின் உருண்டைக் கையெழுத்து. கடவுளே என்னைப் பார்த்து நேராகப் பேசின மாதிரி இருந்தது, சத்தியமாக அப்படித்தான் இருந்தது, வெள்ளைச் சேலையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டும்போது அழக்கூட இல்லை. பதினொரு வருஷம் கழித்து அப்பா இறந்தார். அடக்கம் முடிந்து அலமாரியை ஒதுக்கினபோது அவருடைய வேதாகமம் அட்டை விட்டுக் கழன்று கிடந்தது. அதைத் தூக்கினேன், அட்டைக்கும் தைப்புக்கும் நடுவிலிருந்து மடித்த காகிதம் ஒன்று விழுந்தது. கிழித்துப் போடாத சீட்டு. எடுத்த சீட்டை எல்லாருக்கும் காட்டின சந்தோஷத்தில் மற்றது உள்ளே நழுவிப் போயிருக்கிறது, தேடியிருப்பார், கிடைத்திருக்காது. பிரித்துப் பார்த்தேன். நான் அவிசுவாசிதான். அதிலும் ‘சம்மதம்’. அதே உருண்டைக் கையெழுத்து.

அதை யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது. இவரிடம் போய், உங்களுக்கு என்னைக் கொடுத்தது கர்த்தர் இல்லை, எங்கப்பா, என்று சொல்லவா? சாட்சி சொல்லும்போதெல்லாம் இவர் அதைத்தானே சொல்கிறார், சீட்டில் வந்த மனைவி என்று, கேட்டுக் கேட்டுச் சபைக்கே மனப்பாடம். என் அப்பாவுக்குக் கடவுள்மேல் அவ்வளவு பக்தி, அந்தக் கடவுள் தப்பாக எதுவும் செய்துவிடாமல் பார்த்துக்கொண்டார். அந்தக் காகிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, தையல் பெட்டியில், ஊசிப் பொட்டலத்துக்கு அடியில். எதற்கு வைத்திருக்கிறேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வருஷத்துக்கு ஒரு தடவை பொத்தான் தேடும்போது கண்ணில் படும், மூடி வைத்துவிடுவேன். பால் ஓரத்தில் நுரை கட்டுகிறது. தூளைப் போடலாம், ஒன்பது கரண்டி, இல்லை பத்து, அண்ணாச்சிக்குக் கறுப்பாக இல்லாவிட்டால் பரிசுத்த ஆவியில் நிறைய முடியாது.

மாப்பிள்ளை பெயர் டார்வின். ஆறே நாளில் உலகம் உண்டாயிற்று என்று ஒரு எழுத்து விடாமல் நம்புகிற குடும்பம், பெற்ற பிள்ளைக்கு டார்வின் என்று பெயர் வைத்திருக்கிறது. அதைச் சொல்லி நான் சிரித்தால் மைனிக்கு ஏன் என்று புரியவில்லை, நல்ல பேருதானே கிளாடிஸ் என்கிறாள். மதுரையில் ஏதோ காலேஜில் பாடம் எடுக்கிறானாம். பிள்ளைகள் எப்படி விழித்திருக்கிறார்களோ. பெண் பார்க்க வந்த அன்றைக்கு மூன்று மணி நேரம் இருந்தான், மூன்று வாக்கியம் பேசியிருப்பான். பதில் சொல்வதற்கு முன்னால் கூரையைப் பார்க்கிறான். கைக்குட்டையை நாலாக மடித்துத்தான் வாயைத் துடைக்கிறான். வெயில் அதிகமோ மதுரையில் என்று கேட்டேன், அதற்கு ஒரு யோசனை, அதற்கு ஒரு கூரை, அப்புறம், ‘இருக்கும் அத்தை, நான் கவனிக்கலை’ என்றான். மதுரையில் வெயிலைக் கவனிக்கவில்லையாம். முந்திரிக்கொத்து மட்டும் ஆறு சாப்பிட்டான், அதைக் கவனித்தேன் நான். இந்த மண்ணாந்தைக்கா என் எமீமா. அப்புறம் மைனிதான் பிள்ளைகள் தனியாகப் பேசட்டும் என்று மொட்டை மாடிக்கு அனுப்பினாள், இந்தக் காலத்து வழக்கமாம். நான் கீழே துவைக்கிற கல் பக்கத்தில் போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். கொடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள், கைப்பிடிச் சுவரில் இவன் சாய்ந்து நின்றான். அவன் வாயே அசையவில்லை. முழுசாக இருபது நிமிஷம் மரம் மாதிரி நின்றான், அவள்தான் பாவம் என்னவோ சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பேசுவது எவ்வளவு பாடு என்று அவனுக்குத் தெரியுமா? எமீமாவுக்கு மூன்று வயசிலிருந்தே பேச்சு திக்கும். சொல் தொண்டை வரைக்கும் வந்து நின்றுவிடும், கண் சுருங்கும், கழுத்து நரம்பு ஒன்று புடைக்கும், அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியாது, பெற்றவள், எப்படி நிற்க முடியும், அவள் சொல்ல வந்ததை நான் சொல்லிவிடுவேன். பள்ளிக்கூடத்தில், கடையில், பஸ்ஸில், வேலைக்கு இன்டர்வியூவில்கூட வாசலில் நின்று பாதியை நான்தான் சொன்னேன். இப்போது ரத்தம் சோதிக்கிற லேபில் வேலை, ஊசி குத்துகிறவள் அதிகம் பேச வேண்டாம், அந்த வேலையையும் நான்தான் யோசித்துப் பிடித்தேன். அன்றைக்கு அவர்கள் போனதும் அடுப்படிக்கு வந்தாள். “அம்மா, அவங்க...” என்று நின்றாள். “ஒரு மண்ணாந்தை, அதானே” என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு போதும் எனக்கு. இருபத்தொரு வருஷமாக அவள் வாக்கியத்தை எல்லாம் முடித்து வைத்தவளுக்கு அவள் மனசு தெரியாதா. அவளைக் கேட்டுத்தான் தெரிய வேண்டுமா.

அண்ணாச்சி அஞ்சாவதைத் தாண்டிவிட்டார், இரக்கம். ஆறாவது, ஆள் பார்த்து நடக்காதது. இப்போது ஏழாவது விரல். வேஷம் போடாதது. அதைச் சொல்லும்போது குரல் இறங்குகிறது, மனுஷர் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார் இப்போது. பார்க்கட்டும். நான் அங்கே இல்லை. நான் செய்ததுக்கும் அப்பா செய்ததுக்கும் வித்தியாசம் இருக்கிறது, அவர் என்னைக் கட்டிப் போடுவதற்குச் செய்தார், நான் இவளை அவிழ்த்து விடுவதற்குச் செய்தேன். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான். நான் எதற்குக் கேட்க வேண்டும், எனக்குத்தான் தெரியுமே. அவருக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருப்பார். சீ, எங்கே போகிறது புத்தி. இடுக்கி எங்கே. அப்பா அந்த இரண்டாவது சீட்டை எழுதும்போது அவர் கை எப்படி இருந்திருக்கும்? என் கை இன்றைக்கு ஆடவே இல்லை. முதல் சீட்டு எழுதினேன், மை காய ஊதினேன், இரண்டாவதையும் எழுதினேன், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை, சிஸ்டர் பார்த்திருந்தால் நட்சத்திரம் ஒட்டியிருப்பாள். அப்போது ஒரு சந்தோஷம்கூட வந்தது. அப்பாவுக்கும் வந்திருக்குமோ. ஒரு பொய் சொல்லாத மனுஷர், இது பொய் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது, மகளுக்கு நல்லது என்றுதான் தோன்றியிருக்கும், நல்லது எது என்று வெட்டவெளிச்சமாகத் தெரிந்தபிறகு கர்த்தரை எதற்குத் தொந்தரவு பண்ணுவது. உனக்கு அறிவு இருக்கு கிளாடிஸ். திரும்பத் திரும்ப அதே. இவருக்கு எப்போது இப்படி மெதுவாகப் பேச வந்தது? கழுத்துப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டது நான்தான், சொல்லிவிட்டு என் முன்னால் வந்து நின்றார், நானும் போட்டுவிட்டேன், அவர் கண் கலங்கியிருந்த மாதிரி இருந்தது. சீட்டு என்றால் அவருக்கு உண்மையிலேயே பயம். விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை அவர், மூன்று நாளாக மொட்டை மாடியில் முழங்கால் போடுகிறார், அந்தப் பருத்த உடம்பை வைத்துக்கொண்டு. போகட்டும். மடையர்களும் முழங்கால் போடலாம், அதற்கு யார் தடை.

டம்ளர் எடுக்க எமீமா வந்தாள். வெளிறிப்போயிருந்தாள். ட்ரேயில் டம்ளரை அடுக்கினாள், அடுக்கினதையே திரும்ப அடுக்கினாள். அங்கே அண்ணாச்சி முடிக்கப்போகிறார், எல்லாரும் வாய்திறந்து ஜெபிப்போம் என்றதும் அப்பா சீட்டை எடுத்துவிடுவார், டீ அதற்கப்புறம் கொடுக்கலாமாம், அத்தை சொல்லச் சொன்னாளாம். இவ்வளவையும் அவள் சொல்லவில்லை, “அத்த...” என்றாள், மிச்சத்தை நான் சொன்னேன், அவள் தலையை ஆட்டினாள். அப்புறம் போகாமல் நின்றாள். “அம்மா, எனக்கு...” என்றாள். பயமா இருக்கு, அதானே, ஒண்ணும் பயப்படாதே என்றேன். இல்லை என்று தலையை அசைத்தாள். “நான் மூணு நாளா...” சாப்பிடலை, தெரியும், எனக்குக் கண் இல்லையா, எல்லாம் இன்றைக்கோடு முடிஞ்சிரும், வேண்டாம்னுதான் வரும் பாரு என்றேன். அவள் கண் சுருங்கிற்று. தூள் போதுமா என்று பார்க்கக் கரண்டியில் டீயை எடுத்தேன், ஊதாமல், எதையும் ஊதிக் குடிக்கிற பொறுமை எனக்கு எப்போது இருந்தது, வாயில் ஊற்றிக்கொண்டேன். நாக்கு வெந்துபோயிற்று. மேலண்ணம் வரைக்கும் ஒரே தணல். துப்பவும் முடியவில்லை விழுங்கவும் முடியவில்லை, கண்ணில் நீர் கட்டிக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன், அவள் எதிரில் நிற்கிறாள், கழுத்து நரம்பு புடைக்கிறது, சொல் வருகிறது, நிற்கிறது, வருகிறது, அதை எடுத்துக் கொடுக்க எனக்கு வாய் இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தண்ணீர்க் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. இவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததே இல்லை.

“எனக்கு அவங்களைப் பிடிச்சிருக்கும்மா” என்றாள். “மூணு நாளா உபவாசம் இருக்கேன். சம்மதம்னு வரணும்னு.” நான் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் இன்னும் முடிக்கவில்லை, அதுகூட இப்போதுதான் தெரிகிறது, இவள் வாக்கியம் நான் நினைக்கிற இடத்தில் முடிவதில்லை. “மாடியில, நான் ஒண்ணு சொல்ல வந்தேன். ரொம்ப நேரம் ஆச்சு. அவங்க எதுவும் சொல்லாம, காத்திருந்தாங்கம்மா. நான் சொல்லி முடிக்க வரைக்கும்.” முகத்தில் ஒரு வெளிச்சம், பத்தாம் வகுப்பில் பாஸானபோதுகூட அதை நான் பார்த்ததில்லை. அப்புறம் ட்ரேயைக் கீழே வைத்துவிட்டு என் முழங்கையைத் தொட்டாள். “பயமெல்லாம் இல்லம்மா. நீங்கதானே எழுதினீங்க. உங்க கையெழுத்து.” திரும்பி முன்னறைக்குப் போய்விட்டாள். ஜெபத்துக்குத் தலையில் போட்ட முட்டாக்கை இழுத்து விட்டுக்கொண்டே போனாள்.

டீ பொங்கி அடுப்பில் வழிகிறது, வழியட்டும். மரம் மாதிரி நின்றான் என்றேனே. வாயே அசையவில்லை என்றேனே. துவைக்கிற கல் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு, எல்லாம் தெரிந்தவள். மேலேயிருந்து இறங்குவது. போதும், எழுந்திரு, நின்றுகொண்டுதான் இருக்கிறேன், நட. போய் என்ன சொல்வது? இரண்டிலும் ஒன்றையே எழுதியிருக்கிறேன் என்றா? மைனி விசிறியை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள். அவரும் பார்ப்பார், அதுதான் மோசம். இருபத்தாறு வருஷம் கடவுள் எழுதினது என்று நம்பிக்கொண்டிருக்கிற மனுஷருக்கு ஒரு சீட்டைப் பிரித்துக் காட்டினால் எல்லாச் சீட்டும் பிரியும். தையல் பெட்டி வரைக்கும் பிரியும். பேசாமல் இருந்தால் என்ன, ஒரு ‘வேண்டாம்’, அழுவாள், ஒரு வாரம், அப்புறம் தேவசித்தம் என்று சிரிப்பாள். எலிசா அக்கா சிரிக்கிற மாதிரி. நான் வெள்ளைச் சேலையை மடித்த மாதிரி. அந்தச் சிரிப்பை இந்த வீட்டில் என் கையெழுத்தில் நான் எழுதி வைத்திருக்கிறேன். முன்னறையில் ஆரம்பித்துவிட்டார்கள், பத்தொன்பது பேரும் ஒரே நேரத்தில் வாய்திறந்து, ஆளுக்கொரு வார்த்தையில், அண்ணாச்சி ஒரு பக்கம், மைனி ஒரு பக்கம், ஃபேன் சத்தமும் சேர்ந்து அலையாக ஏறுகிறது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எல்லாருக்கும் கண் மூடியிருக்கிறது. எமீமா ஓரத்தில் முழங்காலில், உதடு நிற்காமல் அசைகிறது, ஜெபத்தில் அவளுக்குத் திக்காது, அதுவும் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. டீப்பாய் பக்கத்தில் அவர், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சிவப்பு ஓரத்தில் விரலை நுழைத்துவிட்டார். நான் கூப்பிட்டால் தெருமுனை வரை கேட்கும் என்று கேலி பண்ணுவார்கள், வாசல் தாண்டிப் போனவரைக்கூட ஒரு சத்தத்தில் திரும்ப வைத்திருக்கிறேன். வெந்த நாக்கு உள்ளே கனமாகக் கிடக்கிறது. “இங்கேருங்க” என்றேன். சத்தம் எனக்கே கேட்கவில்லை. ஒரு தலையும் திரும்பவில்லை. அவர் கை இன்னும் உள்ளே போகிறது, பக்கங்களுக்கு நடுவில் துழாவுகிறது, காகிதத்தின் மேல் பட்டுவிட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. “இங்கேருங்க, எடுக்காதீங்க. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். கொஞ்சம் பொறுங்க. அவளைக் கேளுங்க. நேரமாகும், பரவாயில்ல. அவ சொல்லி முடிக்கட்டும்.”